‘அடக்கமான’ என்னும் சொல்லை ஆளும் முறை

சென்ற மாதம் ஒரு நாள், ஆறாம் ஆண்டின் தமிழாசிரியை விடுப்பில் இருந்தமையால் அவ்வகுப்பு என்னிடம் வந்தது. “ ‘அடக்கமான’ என்னும் பெயரடையை வைத்து ஒரு வாக்கியம் அமைத்து எழுதுக” என்று பயிற்சி கொடுத்தேன். தோட்டப் பள்ளி ஆகையால் வகுப்பில் இருந்தவர்கள் ஒன்பது பேரே. ஏடுகளை மேசைமேல் அடுக்கிச் சிவப்புப் பேனாவை எடுத்தவன், நான்கு ஏடுகளைப் பார்ப்பதற்குள் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நான்கு வாக்கியங்களும் வருமாறு:

“என் அண்ணன் அடக்கமான பையன்.”

“இது கைக்கு அடக்கமான கைப்பேசி.”

“எங்கள் தாத்தா அடக்கமான இடத்தில் அப்பா பூச்செடி நட்டார்.”

“நான் மிகவும் அடக்கமான மாணவன்.”

நான்கையும் வகுப்பில் உரக்கப் படித்தேன். தாத்தாவின் வாக்கியத்தைக் கேட்டதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எழுதிய பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான்காம் வாக்கியத்தைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் நால்வரில் தமிழ் வழக்கைத் தவறவிட்டவன் அந்த நான்காமவன் ஒருவனே. தாத்தாவைப் பற்றி எழுதியவன் ஒரு பிழையும் செய்யவில்லை. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கப் புகுந்தபோதுதான், முப்பது ஆண்டுகளாக இச்சொல்லை நானே எவ்வளவு கவனமின்றி ஆண்டு வந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. அன்று வகுப்பில் சொன்னவற்றையும், மணி அடித்துவிட்டதால் சொல்லாமல் விட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். ‘அடங்கு’ என்பது தன்வினை. ‘அடக்கு’ என்பது பிறவினை. பிள்ளை தானே அழுகையை நிறுத்தினால் அடங்கினான் என்போம். பிறன் ஒருவன் அதட்டி நிறுத்தினால் அவன் அடக்கினான் என்போம். ‘அடக்கம்’ என்னும் பெயர் இவ்விரண்டில் எதிலிருந்து வந்தது? ‘க்க’ என்று வல்லெழுத்து இரட்டித்து நிற்பதைப் பார்த்துப் பலர் ‘அடக்கு’ என்பதிலிருந்து வந்ததாக எண்ணுகின்றனர். உறங்கு என்பதிலிருந்து உறக்கமும், தயங்கு என்பதிலிருந்து தயக்கமும், மயங்கு என்பதிலிருந்து மயக்கமும் பிறப்பதைக் கவனியுங்கள். ‘உறக்கு’, ‘தயக்கு’ என்று நாம் பேசுவதே இல்லை. தன்வினையின் மெல்லெழுத்து, பெயராகும்போது வல்லெழுத்தாக மாறுகின்றது. அடங்கு, அடக்கம் என்பதும் அவ்வகையே. ஆகவே, மனிதனுடைய குணத்தைச் சொல்லும் அடக்கம் தானே அடங்குவதால் வருவது. பிறர் அடக்குவதால் வருவதற்கு நம் மொழியில் வேறு சொல் இருக்கிறது. அதன் பெயர் அடக்குமுறை.

இந்த வேறுபாட்டை நம் தோட்டங்களில் பலகாலம் மறந்திருந்தார்கள். சிலர் வேண்டுமென்றே மறந்திருந்தார்கள். 1941-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சம்பள உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். அவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரைமார் எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. அப்படி இறங்கி நின்றவனை அக்காலத்தில் ‘அடக்கமானவன்’ என்றும், இறங்காமல் போனவனை ‘அடங்காதவன்’ என்றும் சொல்லியிருப்பார்கள். இலக்கணப்படி பார்த்தால் முதலாமவன் அடக்கப்பட்டவன். அவன் உண்மையில் அடக்கமானவனா அல்லனா என்பது, அவன் சைக்கிள் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து போகும் உரிமையைப் பெற்ற பிறகுதான் தெரியும். பால்மரம் வெட்டிய என் பாட்டனார் தம் பிள்ளைகளுக்குச் சொன்ன புத்தி “அடங்கிக் கிட” என்பதாம். அச்சொல்லில் இருந்தது அச்சமா அறிவுரையா என்பதை அவரிடம் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். திருக்குறளில் ‘அடங்கியான்’ என்று புகழ்ச்சியாகவே வருகின்றதே, அப்படியானால் ‘அடங்கியவன்’ என்று எழுதுவது எப்படித் தவறாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 124-ஆம் குறளில் அச்சொல் தனியே நிற்கவில்லை. தன் நிலையிலிருந்து மாறாமல் அடங்கியவன் என்று முன்னால் ஒரு நிபந்தனை இருக்கின்றது. நிலை மாறாமல் அடங்கியவனுடைய தோற்றத்தையே அக்குறள் மலையினும் பெரிது என்கின்றது. நிலை குலைந்து அடங்கியவனுக்கு அங்கே இடமில்லை. அந்த முன்னடையை விட்டுவிட்டு ‘அவன் அடங்கியவன்’ என்று இன்று மொட்டையாக எழுதினால், கேட்பவர் மனத்தில் யாரோ அவனை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட்டதாகவே தோன்றும். “இரண்டு அடி கொடுத்தேன், அடங்கிவிட்டான்” என்பது அன்றாடப் பேச்சு அல்லவா? எனவே மாணவர்கள் குணத்தைக் குறிக்க ‘அடக்கமான’, ‘அடக்கமுள்ள’, ‘அடக்கமுடைய’ என்ற வடிவங்களையே ஆளுதல் நலம்.

இம்மூன்றும் ஒன்றுதானா? பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் ‘ஆன’ என்பது ‘ஆகு’ என்னும் வினையின் பெயரெச்சம். பெயரோடு ஒட்டி ஒட்டித் தேய்ந்து அடைமொழி உருபு போல ஆகிவிட்டது. ‘அழகான வீடு’ என்னும்போது எது எப்போது அழகு ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் சில இடங்களில் அதன் வினைப்பொருள் இன்னும் உயிரோடு இருக்கின்றது. தாத்தா அடக்கமான இடம் என்ற வாக்கியத்தில் நடந்தது அதுதான். அங்கே ‘அடக்கம் ஆன’ என்று பிரித்துப் பொருள் கொள்ள வேண்டும். தமிழ் முஸ்லிம்கள் இறைநேசர்களைப் பற்றிப் பேசும்போது, “அவர்கள் நாகூரில் அடக்கமாகியிருக்கிறார்கள்” என்று மிக மரியாதையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆகவே, ‘நம் ஊரில் அடக்கமான பெரியவர்’ என்று ஒருவர் எழுதினால், பெரியவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்று வாசிப்பவன் திகைக்க இடமுண்டு. அவ்விடத்தில் ‘அடக்கமுள்ள பெரியவர்’ என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை. மற்றொரு வழியும் உண்டு. ‘செய்’ என்னும் துணைவினை சேர்ந்து அடக்கம் செய்தார்கள் என்று வந்தால் அது புதைத்தலை மட்டுமே குறிக்கும். குணத்துக்கு அது ஒருநாளும் வராது.

புதைத்தலுக்கும் கைப்பேசிக்கும் குணத்துக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தியது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்விதான். அடங்குதல் என்பதன் அடிப்பொருள் ஒன்றனுள் ஒன்று கொள்ளுதல். இந்தப் பெட்டியில் இருபது புத்தகங்கள் அடங்கும் என்கிறோம். ஒரு பொருளுக்குப் பட்ட செலவெல்லாம் அடங்கிய விலையை அடக்க விலை என்கிறோம். நூலில் இருப்பது உள்ளடக்கம். கையில் பிடிக்கும் அளவில் அச்சிட்டது கையடக்கப் பதிப்பு. இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. உள்ளே ஏதோ ஒன்று இருக்கின்றது, அது வெளியே வழியாமல் இருக்கின்றது. அன்று நான் என் மேசையிலிருந்த கையடக்க அகராதியை எடுத்துக் காட்டினேன். உள்ளங்கையில் நிற்கின்றது, ஆயிரக்கணக்கான சொற்களை வைத்திருக்கின்றது, திறந்து கேட்டால் சொல்கின்றது. அடக்கமான மனிதரும் அப்படித்தான் என்றேன். உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டியைப் பார்த்து ‘இது எவ்வளவு அடக்கமாக இருக்கிறது’ என்று எவரும் வியப்பதில்லை.

திருக்குறளின் 13-ஆம் அதிகாரத்துக்கு ‘அடக்கமுடைமை’ என்று பெயர் வழங்குவதும் இதனோடு பொருந்துகின்றது. அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை என்று ‘செய்யாமை’களாக வரும் அதிகாரங்கள் பல உள்ளன. அடக்கமோ அன்புடைமை, ஒழுக்கமுடைமை, அறிவுடைமை என்பவற்றோடு சேர்ந்து ‘உடைமை’ வரிசையில் நிற்கின்றது. பேசாமை, முன்வராமை, கையுயர்த்தாமை ஆகியவற்றின் கூட்டுத்தொகையாக அது எண்ணப்படவில்லை. கையில் உள்ள செல்வத்தைப் போலக் காக்கப்பட வேண்டியதாக எண்ணப்பட்டிருக்கின்றது.

இனி, இச்சொல்லோடு குழப்பிக்கொள்ளப்படும் வேறு சில சொற்களைப் பார்ப்போம். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில், எங்கள் தமிழ் விரிவுரையாளர் ஒரு சூத்திரம் சொல்லித் தந்தார்: சொல்லின் பொருள் எல்லை தெரியவில்லை என்றால் அதன் எதிர்ச்சொல்லைக் கேள் என்பது. இன்றும் அதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை. அடக்கத்தின் எதிர் ஆரவாரம். பணிவின் எதிர் செருக்கு. எளிமையின் எதிர் ஆடம்பரம். கூச்சத்தின் எதிர் துணிவு. எதிர்கள் வேறாக இருப்பதால் சொற்களும் வேறு.

பணிவு என்பது இன்னொருவர் முன்னிலையில் வெளிப்படுவது. தனித்தீவில் இருப்பவன் அடக்கமானவனாக இருக்கலாம், எளிமையானவனாகவும் இருக்கலாம். பணிவானவனாக இருக்க அவனுக்கு இன்னொரு மனிதர் வேண்டும். ‘பணிவான பையன்’ என்பது பாராட்டு. ‘பணிந்துபோன பையன்’ என்பது தோல்வி. இங்கும் பெயரடைக்கும் பெயரெச்சத்துக்கும் உள்ள தூரத்தைக் காண்க.

எளிமை என்பது வாழும் முறையைப் பற்றியது. காமராசர் 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர். வாடகை வீட்டில் வாழ்ந்தவர். அவரை ‘எளிமையான தலைவர்’ என்று எழுதுவதில் எவருக்கும் தயக்கம் இராது. ஆனால் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசும் இயல்புடைய அவரைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவன், முதல் அடையாகவே ‘பணிவான தலைவர்’ என்று போட்டால் அது பொருந்தாத சட்டை மாட்டியது போல் இருக்கும். பாராட்டுவதற்காகக் கையில் கிடைத்த அடைகளையெல்லாம் ஒருவர் மேல் அடுக்கும் பழக்கத்தை நம் மாணவர்கள் விட வேண்டும். அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த நாமும் விட வேண்டும். ‘எளிய’, ‘எளிமையான’ இரண்டும் ஒன்றாகா என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எளிய மக்கள் என்றால் வறியவர், வலிமை குறைந்தவர். எளிய கணக்கு என்றால் சுலபமானது. ஒரு தலைவரைக் குணத்தால் புகழ வேண்டுமானால் எளிமையானவர் என்பதே ஐயமற்ற வடிவம்.

தாழ்மை என்ற சொல்லில்தான் நம் பிள்ளைகள் பெரிதும் சறுக்குகின்றனர். அதற்குக் காரணம் மலாய்மொழி. அம்மொழியில் அடக்கமுள்ளவரைக் குறிக்க ‘ரெண்டா டீரி’ என்பார்கள். ரெண்டா என்றால் தாழ்ந்த, டீரி என்றால் தன்னை. அதே தொடர் தாழ்வு மனப்பான்மையையும் குறிக்கும். இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்வது அவர்கள் வழக்கு. இரண்டு மொழியையும் ஒரே நாளில் படிக்கும் நம் பிள்ளை அதை அப்படியே தமிழாக்கி, ‘எங்கள் மாமா தாழ்ந்த மனிதர்’ என்று எழுதிவிடுகிறான். மாமா காதில் விழுந்தால் பொங்கலுக்குப் புதுச்சட்டை வராது. தாழ்மையான என்பது குணம். தாழ்ந்த என்பது பழிப்பு. சாதியின் பேரால் மனிதரைத் தாழ்ந்தவர் என்று சொல்லிவந்த கொடுமையின் கறை அச்சொல்லில் இருக்கின்றது. ஆகையால் இதை வெறும் எழுத்துப் பிழையாக நினைத்துச் சுழித்துவிட்டுப் போகாமல், ஆசிரியர்கள் நின்று விளக்க வேண்டும்.

வாக்கியத்தில் அடை நிற்கும் இடமும் முக்கியம். ‘அடக்கமான தலைவரின் மகன்’ என்றால் அடக்கம் தந்தைக்கா மகனுக்கா? மகனுக்கு என்றால் ‘தலைவரின் அடக்கமான மகன்’ என்று அடையை அவனருகே கொண்டுபோய் வைக்க வேண்டும். ‘அடக்கமாக’ என்னும் வினையடை அந்த ஒரு செயலைப் பற்றியது. பரிசு வாங்கும்போது அடக்கமாகப் பேசினார் என்பதனால் அவர் அடக்கமானவர் என்று முடிவுகட்ட முடியாது, வீட்டில் எப்படியோ! வகுப்பில் நாம் “அடக்கமாய் உட்காருங்கள்” என்று ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்கிறோமே, நாம் விரும்புவது உண்மையில் அமைதி. “சத்தம் போடாதே” என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பெரிய அறத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லி, அடக்கம் என்றால் வாயை மூடுவது என்று பிள்ளைகளுக்குப் படிய வைத்துவிட்டோம்.

இப்போது நான்காம் மாணவனிடம் வருவோம். “நான் மிகவும் அடக்கமான மாணவன்” என்பதில் எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, அடை உரிய இடத்தில் நிற்கிறது. இலக்கணப் பிழை கிடையாது. ஆயினும் இந்தப் பெயரடை தன்மை இடத்தில் நில்லாது. உயரமான, கறுப்பான, பொறுமையான என்பவற்றை என்னைப் பற்றி நான் சொல்லலாம். அடக்கமான என்று சொன்ன அக்கணமே அச்சொல் பொய்யாகிவிடுகிறது. மேடைகளில் சிலர் “மிகுந்த அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்” என்று தொடங்கி, வாங்கிய விருதுகளை வரிசையாகச் சொல்வதைக் கேட்டு நாம் உள்ளுக்குள் சிரிப்பதில்லையா? நம் புலவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். காப்பியத் தொடக்கத்தில் அவையடக்கம் கூறுவது மரபு. கம்பர் அவ்விடத்தில் தம்மை அடக்கமானவர் என்று சொல்லவில்லை; பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையாகத் தம்மைக் காட்டுகிறார். அவர் அடக்கமானவர் என்பதை நாம் சொல்கிறோம்.

அப்படியானால் தன் திறமையைப் பற்றி ஒருவன் வாய் திறக்கவே கூடாதா? 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதற்கு விடை வைத்திருக்கின்றது. அதன் பாயிரப் பகுதி, எத்துறையில் வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று முதலில் சொல்கின்றது. அத்தோடு விடாமல், தகும் இடங்கள் நான்கையும் எண்ணிக் காட்டுகின்றது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, மாற்றான் தன்னைப் பழிக்கும்போது ஆகிய நான்கு இடங்களிலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். இலக்கண நூல் ஒன்று இந்த நுட்பத்தைச் சொல்கிறதே என்று எனக்கு எப்போதும் வியப்பு உண்டு. இக்காலத்துக்கு ஏற்பச் சொன்னால் அரசவை ஓலை என்பது விண்ணப்பப் படிவம். ஆற்றல் அறியாதவர் என்போர் நேர்காணலுக்கு அமர்ந்திருப்போர்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பையன் ஒருவன் விடுதிப் பள்ளி ஒன்றின் நேர்காணலுக்குப் போனான். மாவட்டச் சதுரங்கப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவன். புறப்படும்போது நான் அவன் தோளைத் தட்டி, “அடக்கமாகப் பேசிவிட்டு வா” என்று அனுப்பினேன். உனக்கு என்னென்ன திறமை உண்டு என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு வந்தான். என் பேச்சைத் தட்டாத பிள்ளை. அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. நன்னூலைப் பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தேறிய நான், அந்த நான்கு இடங்களையும் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இச்சொல் இன்னும் அதிகம் தீங்கு செய்கின்றது. ‘அடக்க ஒடுக்கமான பெண்’ என்று இரட்டையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஒடுக்கம் என்பது சுருங்குதல். அதற்கும் அடக்கத்துக்கும் என்ன உறவு? அடங்காத காளை என்று ஆணைப் பாடுகிறவர்கள், பெண்ணை அடங்காப்பிடாரி என்கிறார்கள்.

எங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். கேட்டால் பேசமாட்டாள், சிரிப்பாள். இரண்டு ஆண்டுகள் அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் ‘அடக்கமான மாணவி’ என்று எழுதப்பட்டது. கீழே நான் கையெழுத்திட்டேன். பிறகு எங்களிடம் சில மாதங்கள் மட்டும் வேலைபார்த்த தற்காலிக ஆசிரியை ஒருவர், அப்பெண் யார் பேசினாலும் தலையை இடப்பக்கம் திருப்புவதைக் கவனித்தார். மருத்துவமனைக்கு அழைத்துப்போனபோது, வலக்காது அறவே கேட்கவில்லை, இடக்காதும் குறைவு என்று தெரிந்தது. செவிக்கருவி பொருத்திய பின் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரு நாள் அவள் தாயார் வந்து, “அடக்கமா இருந்த புள்ளைங்க சார், இப்ப வாய் ஓயமாட்டேங்குது” என்று முறையிட்டார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

கேட்காத பிள்ளைக்கு அடக்கம் என்று பெயர் வைத்து, இரண்டு ஆண்டுப் படிப்பை நாங்கள் வீணாக்கினோம். வேறு ஏதாவது ஒரு சொல்லை, ‘பேசுவதில்லை’ என்ற வெறும் உண்மையையாவது எழுதியிருந்தால், ஏன் பேசுவதில்லை என்று யாரேனும் கேட்டிருப்பார்கள். பாராட்டாக எழுதிவிட்டதால் ஒருவரும் கேட்கவில்லை. அதன் பிறகு தேர்ச்சி அறிக்கைகளில் இச்சொல்லைக் கண்டால், எழுதிய ஆசிரியரை அழைத்து இரண்டு கேள்விகள் கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். இந்தப் பிள்ளை அடக்கி வைத்திருப்பது என்ன, அது நமக்குத் தெரியுமா என்பது ஒன்று. அடக்கியது யார் என்பது மற்றொன்று. விடை கிடைத்தால் சொல் நிற்கும். கிடைக்காவிட்டால் பிள்ளையின் அருகே போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன்.

அன்றைய ஏடுகளில், தாத்தாவைப் பற்றி எழுதியவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன். நான்காமவனை அழைத்து, ‘நான்’ என்பதை அடித்துவிட்டு வேறு ஒருவரை அவ்விடத்தில் வைத்து எழுதச் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, “எங்கள் பள்ளித் தோட்டக்காரர் அடக்கமானவர், அவருக்கு எல்லா மரத்தின் பெயரும் தெரியும்” என்று எழுதிக் கொண்டுவந்தான். அந்த ஏட்டில் நான் திருத்துவதற்கு எதுவும் இல்லை.